மூஞ்சி கோணினா எங்க போறது? ஹட்டன்ல நாங்க போன பிசியோ இடம் பத்தி ஒரு ரிவியூ

மொதல்லயே சொல்லிர்றேன், அஞ்சுக்கு நாலரை ஸ்டார். அரை ஸ்டார் எதுக்கு கொறைச்சேன்னு கீழ வருது. முகவாதம் வந்தவங்க, இல்லன்னா தலைல அடிபட்டு கண்ணு, காது, முழுங்குறதுன்னு ஏதாவது சரியில்லாம இருக்கிறவங்க, இலங்கை மலையகத்துல இருக்கிற ஹட்டன் டவுன் பக்கம் வர முடிஞ்சா தாராளமா இங்க போகலாம். பார்மசிக்கு மேல மாடில சின்ன ரூம், ஒரு கட்டில், ஒரு பெரிய கண்ணாடி, மேசைல ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு, அவ்வளவுதான். பிசியோ மிஸ் தமிழ்லயே வெளங்கப்படுத்துவாங்க, சிங்களமும் நல்லா பேசுவாங்க, ரொம்ப வருஷம் கவர்மெண்ட் ஹொஸ்பிட்டல்ல வேலை செஞ்சிட்டு இப்ப தனியா நடத்துறாங்க.

ஆனா ஒன்னு, இத வாசிச்சிட்டு யாரும் ஹொஸ்பிட்டல விட்டுட்டு நேரா இங்க வந்துராதீங்க. மூஞ்சி திடீர்னு ஒரு பக்கம் தொங்கிருச்சுன்னா மொதல்ல போக வேண்டியது ஹொஸ்பிட்டல் தான், அதுவும் அன்னைக்கே. கை கால் சேந்து பலவீனமாகுது, பேச்சு குழறுதுன்னா அது ஸ்ட்ரோக்கா இருக்கலாம், 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேக்காது. ஸ்ட்ரோக்ல ரத்தக் கட்டிய கரைக்கிற ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள்ள போடணும், தோட்டத்துல இருந்து ரோட்டுக்கு வரவே ஒரு மணித்தியாலம் ஆகுற நமக்கு அது எவ்வளவு கொஞ்ச நேரம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஸ்ட்ரோக் இல்ல, வெறும் மூஞ்சி நரம்பு வீக்கம் தான்னா அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு, ஸ்டீரொய்ட் மாத்திரை 72 மணித்தியாலத்துக்குள்ள ஆரம்பிச்சா தான் நல்லா வேலை செய்யும். பிசியோ அதுக்கு பொறகு தான். இத எனக்கு சொன்னதே இந்த மிஸ் தான், நாங்க உள்ள போனதும் கேட்ட மொத கேள்வியே "டொக்டர்கிட்ட காட்டிட்டீங்களா, என்னைக்கு மாத்திரை ஆரம்பிச்சாங்க" அப்படின்றது தான், காட்டாம வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பாங்க.

நாங்க போனது எங்க சித்திக்காக. பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டத்துல கொழுந்து எடுக்கிறாங்க. ராத்திரி காதுக்கு பின்னாடி வலின்னு சொல்லிட்டு படுத்தாங்க, காலைல வாய் கொப்பளிக்கும்போது தண்ணி ஒரு பக்கமா ஒழுகுது, கண்ணாடில பாத்தா வாய் கோணி இருக்கு, ஒரு கண்ணு மூட ஏலாம தெறந்தே நிக்குது. லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுகள்ல, கூட்டம் கூடிருச்சு, ஒருத்தர் பனிக்காத்து அடிச்சிருச்சுன்றாரு, ஒருத்தர் முனி அறைஞ்சிருச்சுன்றாரு, பக்கத்து வீட்டு பாட்டி வேப்பிலை அடிக்க கூட்டிட்டு போகணும்னு நிக்கிறாங்க. எல்லாம் பாசத்துல சொல்றது தான், அவங்கள குத்தம் சொல்லல. நல்ல வேளை தோட்டத்து டிஸ்பென்சரில இருந்த ஈஎம்ஏ (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) ஐயா பாத்தாரு, "புருவத்த மேல தூக்குங்க, நெத்திய சுருக்குங்க" அப்படின்னாரு, சித்திக்கு ஒரு பக்கம் நெத்தி சுருங்கவே இல்ல, ஒடனே சீட்டு எழுதி ஹொஸ்பிட்டலுக்கு அனுப்பிட்டாரு. அங்க சுகர், பிரஷர் எல்லாம் பாத்துட்டு, ஸ்டீரொய்ட் குடிச்சா சுகர் ஏறும்னு அதையும் சொல்லிட்டு ப்ரெட்னிசொலோன்ற ஸ்டீரொய்ட் மாத்திரை குடுத்தாங்க. அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சாச்சு.

ஏன் நெத்திய சுருக்க சொன்னாருன்னு அப்ப வெளங்கல, மிஸ் தான் அந்த பிளாஸ்டிக் மண்டையோட்ட கைல வச்சிக்கிட்டு சொன்னாங்க. நெத்திக்கு கட்டளை மூளையோட ரெண்டு பக்கத்துல இருந்தும் வருதாம், அதனால ஸ்ட்ரோக்ல ஒரு பக்க மூளை அடிபட்டாலும் மத்த பக்கம் நெத்திய பாத்துக்கும், வாய் மட்டும் கோணும், நெத்தி பெரும்பாலும் சுருங்கும். ஆனா மூளைய விட்டு வெளிய வந்த நரம்பே அடிபட்டா நெத்தி, கண்ணு, வாய் மூணும் அந்த பக்கம் போயிரும். இத வச்சி வீட்டுலயே முடிவு எடுக்காதீங்க, மூளைத்தண்டுல வர்ற சில அடைப்புலயும் நெத்தி போகலாம்னு மிஸ்ஸே சொன்னாங்க, முடிவு டொக்டருக்கு தான்.

இப்ப இந்த இடத்த நான் ஏன் இவ்வளவு தூரம் சொல்றேன்னா, மொத நாள் அவங்க பண்ண டெஸ்ட். வாய் கோணிருக்குன்னு வந்தா வாய மட்டும் பாத்து அனுப்புவாங்கன்னு தான் நாங்க நெனச்சி போனோம். மிஸ் மூளைல இருந்து நேரா கெளம்புற 12 சோடி நரம்பையும் ஒன்னொன்னா சோதிச்சாங்க. மண்டையோட்ட தெறந்து அடிப்பக்கம் காட்டுனாங்க, சின்ன சின்ன ஓட்டை, நரம்புங்க அந்த ஓட்டைங்க வழியா தான் வெளிய வருது, முன்னாடி இருந்து பின்னாடி போற வரிசைல 1, 2, 3ன்னு நம்பர். இந்த 12ன்ற கணக்க 1778ல சோம்மரிங்னு ஒரு ஜெர்மன்காரர் போட்டாராம், அதுக்கு முன்னாடி ஏழுன்னும் ஒம்பதுன்னும் எண்ணியிருக்காங்க. எதுக்கு இவ்வளவும் பாக்கணும்னா, மூஞ்சிய அசைக்கிற ஏழாவது நரம்பு மட்டும் போயிருக்குன்னா பெரும்பாலும் பயப்பட தேவையில்ல, ஆனா ஏழோட சேந்து எட்டும் போயிருக்கு, இல்ல அஞ்சும் ஆறும் போயிருக்குன்னா உள்ள வேற ஏதோ அழுத்துது, கட்டியா கூட இருக்கலாம், ஸ்கேன் பாக்கணும். பக்கத்துல பக்கத்துல இருக்கிற நரம்பு ஒன்னா போறத வச்சே எந்த இடத்துல பிரச்சினைன்னு சொல்லிரலாமாம். எனக்கு இது ரொம்ப பிடிச்சிருச்சு.

மொதல்ல மணம். சித்திய கண்ண மூட சொல்லிட்டு ஒரு மூக்கு ஓட்டைய அடைச்சிட்டு மறுபக்கம் ஏலக்காய், பொறகு தேயிலைத் தூள். சித்தி தேயிலைன்னு சொல்றதுக்கு ஒரு செக்கன் கூட எடுக்கல. தலைவலிக்கு தேய்க்கிற பாம் வச்சி டெஸ்ட் பண்ணக்கூடாதாம், பாம் வாசனை மூக்க எரிக்கும், அந்த எரிச்சல அஞ்சாவது நரம்பு எடுத்துக்கிட்டு போயிரும், மணம் தெரியாதவங்க கூட ஏதோ இருக்குன்னு சொல்லிருவாங்க. மண நரம்போட இழைங்க மூக்குக்கு மேல இருக்கிற சல்லடை எலும்பு வழியா பூந்து போகுது, தலை வேகமா போய் எதுலயாவது மோதுச்சுன்னா அந்த இழைங்க அறுந்துரும், சரிவுல வழுக்கி விழுந்தவங்க, வளைவுல பைக் விட்டவங்க சில பேருக்கு பொறகு சாப்பாட்டுல ருசியே இல்லன்னு தோணுறது இதனால தான். கேஸ் லீக்கானா கூட அவங்களுக்கு தெரியாது, வீட்டுல இருக்கிறவங்க கவனமா இருக்கணும்.

ரெண்டாவது பார்வை நரம்பு. டோர்ச்ச ஒரு கண்ணுல அடிச்சா ரெண்டு கண்ணுலயும் கருமணி சுருங்கணும், வெளிச்சம் உள்ள போற சேதிய கொண்டு போறது ரெண்டாவது, சுருக்குற கட்டளைய கொண்டு வர்றது மூணாவது, அதனால ஒரு டோர்ச்ல ரெண்டு நரம்பு டெஸ்ட் ஆகுது. இந்த ரெண்டாவது நரம்பு உண்மைல மூளையோடயே ஒரு பகுதி, அறுந்தா திரும்ப வளராது, ஆனா ஏழாவது வளரும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அது தான்.

மூணு, நாலு, ஆறு இந்த மூணும் சேந்து கண்ண அசைக்குது. பேனாவ பிடிச்சி தலைய ஆட்டாம கண்ணால மட்டும் பாக்க சொன்னாங்க. ஆறாவது கண்ண வெளிப்பக்கம் திருப்பும், தலைக்குள்ள அழுத்தம் கூடுனா மொதல்ல அடிபடுறதுல இதுவும் ஒன்னு. மூணாவது போனா இமை தொங்கிரும், கண்ணு வெளிப்பக்கமும் கீழயும் போய் நின்னுரும். சுகர்காரங்களுக்கு இது வரலாம், அப்ப கருமணி பெரும்பாலும் பழைய அளவுலயே இருக்கும், கருமணியும் விரிஞ்சு தலைவலியும் இருந்தா மூளைல ரத்தக்குழாய் வீங்கி நரம்ப அழுத்துதோன்னு பாக்கணும், அது ஒரு நிமிஷமும் காத்துக்கிட்டு இருக்க ஏலாத கேஸ். நாலாவது பத்தி மிஸ் சொன்னப்ப நான் கொஞ்சம் நேரம் யோசிச்சிக்கிட்டே இருந்தேன். பன்னெண்டுலயே மெல்லிசு அது தான், மூளைத்தண்டுக்கு பின்பக்கமா வெளிய வர்ற ஒரே நரம்பும் அது தான், சுத்தி வந்து ஒரே ஒரு சின்ன தசைக்கு போகுது. அந்த தசை கண்ண மூக்குப் பக்கமா வச்சிக்கிட்டு கீழ பாக்க வைக்கும். அது போனா எறங்கும்போது படி ரெண்டா தெரியும், மேல ஏறும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. நம்ம ஊர்ல கூடைய போட்டுக்கிட்டு மலைல எறங்குறவங்களுக்கு இப்படி வந்தா என்ன ஆகும்னு நெனச்சி பாருங்க. இந்த நரம்பு அடிபட்டவங்க அவங்களுக்கே தெரியாம தலைய ஒரு பக்கமா சாய்ச்சிக்கிட்டே நடப்பாங்களாம், அப்ப தான் ரெண்டு காட்சியும் ஒன்னா சேரும். தலைல அடிபட்ட பொறகு யாராவது தலைய சாய்ச்சே வச்சிருந்தா கழுத்து பிடிப்புன்னு எண்ணெய் தேய்க்கிறதோட விட்டுராதீங்க, கண்ணையும் காட்டுங்க.

அஞ்சாவது மூஞ்சிக்கு உணர்ச்சி குடுக்குறது, நெத்தி, கன்னம், தாடைன்னு மூணா பிரியும், மெல்லுற தசைக்கும் அதுவே தான் கட்டளை. பஞ்ச வச்சி ரெண்டு பக்கமும் தொட்டு பாத்தாங்க, பல்ல கடிக்க சொன்னாங்க. சித்திக்கு ரெண்டு பக்கமும் தெரிஞ்சிச்சு, ஆக கன்னம் அசையல, ஆனா தொட்டா தெரியுது. இந்த அஞ்சாவதுல வர்ற ஒரு வலி இருக்கு, ஷொக் அடிக்கிற மாதிரி சுரீர்னு வந்து சில செக்கன்ல போயிரும், பல்லு விளக்குனா வரும், காத்து பட்டா வரும், சோறு மென்னா வரும். அன்னைக்கு வெயிட்டிங்ல இருந்த ஒரு பெரியவர் இதுக்காக நல்ல பல்ல எல்லாம் புடுங்கிக்கிட்டாராம், வலி போகல, பொறகு தான் நரம்பு டொக்டர் கார்பமஸபீன்ற மாத்திரை குடுத்து வலி அடங்குச்சுன்னு அவரே சொன்னாரு. அத கேட்டு எனக்கு மனசு கனத்துப் போச்சு. பல் டொக்டர் பல்லுல ஒன்னும் இல்லன்னு சொன்னா நரம்பையும் ஒரு தடவ கேளுங்க.

எட்டாவது கேக்குறதும் நிலையா நிக்கிறதும். ஒம்பது, பத்துக்கு "ஆ" சொல்ல சொல்லி டோர்ச் அடிச்சி உள்நாக்க பாத்தாங்க, பலவீனமான பக்கத்த விட்டு அது மறுபக்கம் இழுத்துக்கும். பத்தாவது நரம்பு தொண்டைல நிக்காம நெஞ்சு, இருதயம், வயிறு வரைக்கும் போகுது. அதுல இருந்து பிரியிற ஒரு கிளை நெஞ்சுக்குள்ள எறங்கி, இடப்பக்கம் இருதயத்துல இருந்து வர்ற பெரிய ரத்தக்குழாய்க்கு அடியில வளைஞ்சி, திரும்ப மேல ஏறி வந்து குரல அசைக்குது. தைரொய்ட் ஒப்பரேஷன்ல அந்த கிளைக்கு பக்கத்துல கத்தி போகும், அதனால தான் சிலருக்கு பொறகு குரல் கரகரன்னு ஆகுது. ஒப்பரேஷனே பண்ணாதவங்களுக்கு குரல் கம்மி மூணு வாரத்துக்கு மேலயும் சரியாகலன்னா நெஞ்சையும் சேத்து பாக்கணும். பதினொன்னு தோள தூக்குறது, பன்னெண்டு நாக்கு. நாக்க நீட்டுனா அடிபட்ட பக்கம் சாயும், உள்நாக்குக்கு நேர் எதிர். சித்திக்கு இதெல்லாம் நேரா இருந்துச்சு. ஏழு மட்டும் தான் போயிருக்குன்னு மிஸ் கொப்பில எழுதுனப்ப எங்களுக்கு உசிரே வந்துச்சு.

அந்த ஏழாவது நரம்பு கதைய கேட்டீங்கன்னா அப்படி ஒரு கதை. மூளைத்தண்டுல கெளம்பி காது எலும்புக்குள்ள பூந்து கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் ஒரு எலும்பு குழாய்க்குள்ளயே போகுது, அதுல குறுகலான இடம் 1 மில்லிமீட்டர் கூட இல்ல. நரம்பு வீங்குனா விரிய இடம் இல்ல, இறுக்கமா வளையல் போட்ட கை வீங்குற மாதிரி, தானே தன்ன நெரிச்சிக்கும். ஸ்டீரொய்ட் குடுக்கிறது அந்த வீக்கத்த வத்த வைக்கத்தான். ஏன் வீங்குதுன்னா, உதட்டுல கொப்புளம் போடுற அந்த ஹெர்பீஸ் வைரஸ் உள்ள தூங்கிக்கிட்டு இருந்து எழும்புறது காரணமா இருக்கலாம்னு தான் ரொம்ப பேர் சொல்றாங்க. கர்ப்பிணிகளுக்கும் சுகர்காரங்களுக்கும் கொஞ்சம் கூடுதலா வருது. முனியும் இல்ல, செஞ்ச பாவமும் இல்ல, இத சித்திகிட்ட மிஸ் திரும்ப திரும்ப சொன்னாங்க, ஏன்னா சித்தி யார் மூஞ்சியயும் பாக்காம முந்தானைய இழுத்து வாய மூடிக்கிட்டே உக்காந்திருந்தாங்க.

போற வழியில அந்த நரம்பு சும்மா போகல. கண்ணீர் சுரப்பிக்கு ஒரு கிளை, காதுக்குள்ள இருக்கிற ரொம்ப சின்ன தசைக்கு ஒரு கிளை, நாக்கோட முன்பக்கம் மூணுல ரெண்டு பங்குக்கு ருசி கொண்டு வர்ற ஒரு கிளை. அதனால தான் சித்திக்கு கோயில் லவுட்ஸ்பீக்கர் சத்தம் ஒரு காதுல மட்டும் இடிச்சிச்சு, அந்த சின்ன தசை தான் பெரிய சத்தத்த அடக்கும், அது இப்ப வேலை செய்யல. தேத்தண்ணி சப்புன்னு இருக்குன்னு சொன்னதும் அதனால தான். நாங்க இதெல்லாம் வேற வேற நோய்னு பயந்துக்கிட்டு இருந்தோம், எல்லாம் ஒரே நரம்பு. காதுக்கு கீழ வெளிய வந்து எச்சில் சுரப்பிக்குள்ள பூந்து அஞ்சு கிளையா பிரிஞ்சி நெத்தில இருந்து கழுத்து வரைக்கும் போகுது. இத 1821ல விவரமா எழுதுனவர் சார்ள்ஸ் பெல்னு ஸ்கொட்லாந்துல பொறந்த ஒரு சர்ஜன், அதனால தான் டொக்டர்மார் பெல்ஸ் பால்சின்னு சொல்றாங்க.

இப்ப இந்த இடத்துக்கு நான் குடுக்குற ஸ்டார்ல பாதி எதுக்குன்னா, கண்ணு. கண்ண தெறக்குறது மூணாவது நரம்பு, மூடுறது ஏழாவது. ஏழு போனா கண்ணு தெறக்கும், ஆனா மூடாது, தூங்கும்போது கூட பாதி தெறந்து கெடக்கும், காய்ஞ்சி போய் கருவிழில புண்ணு வந்தா பார்வையே போயிரும். வாய் கோணுனது எல்லார் கண்ணுக்கும் தெரியுது, அதுக்கு தான் எல்லாரும் அழுறாங்க, கண்ணு காயிறது யாருக்கும் தெரியாது. மிஸ் மொத நாள் மூஞ்சிக்கு ஒரு எக்ஸர்சைசும் சொல்லிக் குடுக்கல, டெஸ்ட் முடிஞ்ச பொறகு இருந்த முழு நேரமும் கண்ணுக்கு தான். பகல்ல செயற்கை கண்ணீர் சொட்டு மருந்து அடிக்கடி, ராத்திரி கண்ணுக்கு களிம்பு போட்டுட்டு, இமைய வெரலால நல்லா கீழ இறக்கி முழுசா மூடுன பொறகு தான் மேல பேப்பர் பிளாஸ்டர் ஒட்டணும். வெறும் பஞ்ச வச்சி கட்டுனா உள்ள கண்ணு தெறந்து பஞ்சுல உரசும், அது இன்னும் மோசம். சித்தி கையால ஒட்ட வச்சி, பொறகு என்ன ஒட்ட வச்சி, ரெண்டு பேரும் சரியா செய்யிற வரைக்கும் விடல. வெளிய போனா கண்ணாடி போடணும், தேயிலை செடி நுனி கண்ணுல பட்டா இமை தானா மூடாதுன்னு கொழுந்து எடுக்கிறவங்க வேலைய யோசிச்சி சொன்னாங்க பாருங்க, அது எனக்கு பெரிசு. கண்ணு செவந்து வலிச்சா, வெளிச்சம் பட்டா கூசுனா அன்னைக்கே கண் டொக்டர்கிட்ட போங்கன்னு கொப்பில பெரிசா எழுதி விட்டாங்க.

அடுத்தது சல்லி விஷயம். இதுக்கு முன்னாடி வேற ஒரு டவுன்ல ஒரு இடத்துல விசாரிச்சோம், பேரு வேணாம். மூஞ்சிக்கு கரண்ட் வைக்கணும், தெனமும் வரணும், முழு பெக்கேஜுக்கும் முன்கூட்டியே கட்டணும், வைக்கலன்னா வாய் அப்படியே நின்னுரும்னு பயமுறுத்துனாங்க. இந்த மிஸ் கரண்ட் மெஷினே வைக்கல. கேட்டதுக்கு, முகவாதத்துக்கு கரண்ட் வச்சா நல்லா ஆகுதுன்றதுக்கு உறுதியான ஆதாரம் இல்ல, நான் அதுக்கு சல்லி வாங்க மாட்டேன்னு சொன்னாங்க. பொறகு ஒரு கணக்கு சொன்னாங்க, இத எல்லாரும் தெரிஞ்சிக்கணும். டென்மார்க்ல ஒரு டொக்டர் மருந்தே குடுக்காம ஆயிரத்துக்கும் மேல முகவாதக்காரங்கள வருஷக்கணக்கா பாத்து வச்சிருக்காரு, அதுல 100க்கு 71 பேர் தானாவே முழுசா கொணமாகியிருக்காங்க, 85 பேருக்கு மூணு வாரத்துக்குள்ளயே அசைவு திரும்ப ஆரம்பிச்சிருக்கு. 2007ல ஸ்கொட்லாந்துல செஞ்ச ஆய்வுல ப்ரெட்னிசொலோன் குடிச்சவங்கள்ல மூணு மாசத்துல 83 சதவீதம் கொணம், குடிக்காதவங்கள்ல 64 சதவீதம், ஒம்பது மாசத்துல பாத்தா 94க்கு 82. இதுல என்ன வெளங்குதுன்னா, பாதிக்கு மேல தானா சரியாகுற நோய்க்கு எவன் எத வித்தாலும் அது வேலை செஞ்ச மாதிரி தான் தெரியும். எண்ணெய் வித்தவனும் பேர் வாங்குவான், கரண்ட் வச்சவனும் பேர் வாங்குவான், தாயத்து கட்டுனவனும் பேர் வாங்குவான். தானா கொணமாகுறதுக்கு சல்லி வாங்காம, கண்ண காப்பாத்துறதுக்கும் கொணமாகாத மிச்ச பேர கண்டுபிடிக்கிறதுக்கும் நேரத்த செலவழிக்கிற இடம் இது. ஒரு நாள் சம்பளத்த நம்பி இருக்கிற ஜனத்துக்கு இப்படி ஒரு இடம் வேணும், அதனால தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

அசைவு லேசா வர ஆரம்பிச்ச பொறகு தான் எக்ஸர்சைஸ். கண்ணாடி முன்னாடி உக்காந்து மெதுவா, கொஞ்சமா, ரெண்டு பக்கமும் ஒரே அளவா. முக்கி முக்கி செய்யக்கூடாது, பலூன் ஊதக்கூடாது, சுயிங்கம் மெல்லுறதால ஒன்னும் ஆகாது, அது அஞ்சாவது நரம்போட தசை. ஏன் மெதுவான்னா, அடிபட்ட நரம்பு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் தான் வளரும், வளரும்போது சில இழைங்க வழி மாறி வேற தசைக்கு போயிரும். வாய்க்கு போக வேண்டியது கண்ணுக்கு போச்சுன்னா சிரிச்சா கண்ணு மூடிக்கும், எச்சில் சுரப்பிக்கு போக வேண்டியது கண்ணீர் சுரப்பிக்கு போச்சுன்னா சாப்பிடும்போது கண்ணீர் கொட்டும். அவசரப்பட்டு முறுக்கி முறுக்கி செஞ்சா அந்த தப்பான அசைவு இன்னும் பழகிரும்.

எப்ப பயப்படணும்னும் தெளிவா சொன்னாங்க. காதுலயும் காத சுத்தியும் அக்கி மாதிரி கொப்புளம் போட்டு வலியோட மூஞ்சி கோணுனா அது வேற, 1907ல ராம்சே ஹன்ட்னு ஒருத்தர் சொன்னது, கொணமாகுறது கஷ்டம், வைரஸ் மருந்தும் சேத்து சீக்கிரம் குடுக்கணும். திடீர்னு வராம வாரக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கோணுனா, ரெண்டு பக்கமும் வந்தா, மூணு மாசமாகியும் துளி அசைவு கூட வரலன்னா திரும்ப டொக்டர்கிட்ட போய் ஸ்கேன் கேக்கணும். அங்க இருந்த இன்னொரு அக்காவுக்கு மிஸ்ஸே நரம்பு டொக்டருக்கு கடிதம் எழுதி குடுத்தத பாத்தேன், காசு கட்டி தனியா டொக்டர சேனல் பண்ண வசதி இல்லன்னதும் கவர்மெண்ட் கிளினிக் என்னைக்குன்னு போன் போட்டு கேட்டும் சொன்னாங்க.

சரி அரை ஸ்டார். ஒன்னு, படி. செங்குத்தா இருக்கு, பிடிக்க கம்பி இல்ல, எட்டாவது நரம்பு போய் தலை சுத்துறவங்களும், ஸ்ட்ரோக் வந்தவங்களும் வர்ற இடத்துல கம்பி இல்லாம இருக்கிறது சரியில்ல, மழைன்னா வழுக்கும். ரெண்டு, ஞாயித்துக்கெழமையும் பௌர்ணமி போயா தினமும் பூட்டு, கொழுந்து எடுக்கிறவங்களுக்கு லீவு கெடைக்கிறதே அந்த நாள் தான், வார நாள்ல வந்தா பேர் (அன்னைய சம்பளம்) போகும், பஸ் காசும் போகும். மாசத்துல ஒரு ஞாயிறாவது தெறந்தா புண்ணியமா போகும்னு நேர்லயும் சொல்லிட்டு வந்தேன். மூணு, வீட்டுக்கு குடுத்து விடுற எக்ஸர்சைஸ் பேப்பர் இங்கிலீஷ்லயும் சிங்களத்துலயும் தான் இருக்கு. மிஸ் வாயால எவ்வளவு அழகா தமிழ்ல சொன்னாலும் லயத்துக்கு போன பொறகு பேப்பர் தான் கைல இருக்கும். நான் தமிழ்ல எழுதி தர்றேன்னு சொல்லியிருக்கேன், சந்தோஷமா சரின்னாங்க.

சித்திக்கு இப்ப நெத்தி சுருங்குது, கண்ணு முழுசா மூடுது, சிரிக்கும்போது அந்த பக்க கண்ணு மட்டும் லேசா சின்னதாகுது. வேலைக்கு போறாங்க. கடைசியா போனப்ப இனி வரத் தேவையில்ல, வீட்டுலயே செய்யுங்கன்னு மிஸ் அனுப்பிட்டாங்க, இன்னும் நாலு தடவ வாங்கன்னு சொல்லியிருந்தா நாங்க வந்திருப்போம், அது அவங்களுக்கும் தெரியும்.

போறவங்க கிளினிக் கொப்பி, குடிக்கிற மருந்து, ஸ்கேன் எடுத்திருந்தா அந்த ரிப்போர்ட், மூஞ்சி கோணாதப்ப எடுத்த ஒரு போட்டோ இதெல்லாம் கொண்டு போங்க, பழைய போட்டோவோட வச்சி பாத்தா தான் எவ்வளவு வித்தியாசம்னு தெரியுமாம். கூட ஒரு ஆள் கட்டாயம் வேணும், பிளாஸ்டர் ஒட்ட பழகுறதுக்கு. காலைல வெள்ளன போனா கூட்டம் கம்மி. படி ஏற ஏலாதவங்க இருந்தா கீழ பார்மசில சொல்லுங்க, மிஸ் இறங்கி வந்து அங்க ஒரு கதிரைல உக்கார வச்சே பாப்பாங்க.